பிரயாண ஜெபம்

என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் என்னைப் பற்றிக் கோள் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஆண்டவரே, நீர் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீர்? பக்கத்து வீட்டுக்காரி முன்னாடி என் கையில இருந்த சர்க்கரை டப்பாவைப் பிடுங்கினா. நான் என்ன திருடியா?”

ஜெபத்தில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. கண்ணையும் திறக்கக் கூடாது. அதனாலேயே எங்கள் வீட்டுச் சண்டை முக்கால்வாசி ஜெபத்தில்தான் நடக்கும். பேசுகிறவருக்கு ரொம்ப வசதி. கேட்கிறவருக்கு வேறு வழி கிடையாது.

வீட்டிலிருந்து யார் வெளியூர் கிளம்பினாலும் முதலில் பிரயாண ஜெபம். இன்று கிளம்புவது அத்தை. பெட்டி கதவோரம் நின்றது.

டப்பா பறிபோன கோபத்தில் நேற்றே மகனுக்கு போன் போட்டுவிட்டார். மகனும் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இனிமேல் அத்தை அங்கேதான் இருக்கப் போகிறாராம். ரூம் எல்லாம் தயாராம்.

வந்தவர் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த காபியை என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக் குடித்தார்.

போகிறவர் போகட்டும் என்று வீம்பாகத்தான் நானும் பெட்டியில் துணி அடுக்கிக் கொடுத்தேன். அத்தையின் கண்ணாடிக் கூட்டை மட்டும் உள்ளே வைப்பதும் வெளியே எடுப்பதுமாக இருந்தேன். இவரும் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

நான் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவள். நாள் முழுக்க பக்கத்து சீட்டில் உட்கார்ந்து “பிரேக், பிரேக்” என்று தொண்டை கிழியக் கத்துவதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்த பிறகும் சத்தத்தைக் குறைக்க மறந்துவிடுகிறது. அத்தை அதையும் விடவில்லை.

“என்னையும் கார்னு நினைச்சுட்டா போல, ஆண்டவரே. ஆமென்.”

அடுத்து என் முறை.

மனிதர்களிடம் மன்னிப்புக் கேட்பது என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆண்டவர் வழியாகப் போனால் கொஞ்சம் சுலபம்.

“ஆண்டவரே, அடுத்தவங்க முன்னாடி கத்தினது தப்பு. அத்தை மனசு நொந்துபோச்சு. என்னை மன்னியும். அவங்களும் மன்னிக்கணும்” என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா?

“ஆனா சர்க்கரையை மட்டும் கண்ணுல காட்ட மாட்டேன். அவங்க எனக்கு இன்னும் ரொம்ப காலத்துக்கு வேணும். அவங்க போகக் கூடாது, ஆண்டவரே.”

ஆமென் சொல்ல வரவில்லை.

எனக்காக ஆமென் சொன்னது அத்தைதான். சொன்ன கையோடு, தன் முறை முடிந்துபோயிருந்தும், மறுபடி ஜெபத்தை ஆரம்பித்தார்.

“பிதாவே, ஒண்ணு விட்டுப்போச்சு. இவ்வளவு தூரம் தனியா வண்டி ஓட்டிட்டுத் திரும்பிப் போற என் மகனைப் பத்திரமா கொண்டுபோய்ச் சேர்த்தருளும்.”

தனியாகவா? நான் கண்ணைத் திறந்துவிட்டேன். மகனும் திறந்துவிட்டார்.

“அம்மா, என்னம்மா இது? நீங்க வரலையா?”

“ஜெபத்துல குறுக்கே பேசாத. கண்ணை மூடு” என்றார் அத்தை, தன் கண்ணைத் திறக்காமலே. “ஆண்டவரே, இவளுக்கு வேளைக்குச் சாப்பிடத் தெரியாது. சொல்ல ஒரு ஆள் வேணும். நான் இங்கேயே இருந்துக்கறேன். ஆமென்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஜெயித்துவிட்டேன் என்று துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அத்தை அதற்கு இடம் கொடுக்கவில்லை. முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தார்.

“இப்ப நீ அவனுக்காக ஜெபம் பண்ணு.”

போச்சுடா என்று நினைத்தேன்.

இத்தனை வருஷத்தில் உலகத்தில் உள்ள எல்லாருக்காகவும் நான் ஜெபித்திருக்கிறேன். என்னிடம் வந்து மூன்று தடவை டெஸ்டில் தோற்றவருக்காகக்கூட ஜெபித்திருக்கிறேன். இந்த மனுஷனுக்காக மட்டும் வாயைத் திறந்ததில்லை. அத்தைக்கு அது நன்றாகவே தெரியும்.

அந்த மனுஷன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். முன்னை விட முடி கொட்டியிருந்தது.

வேண்டா வெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன்.

“ஆண்டவரே, இவருக்குச் சாப்பிட்டதும் கண்ணைச் சொருகும். வழியில நிறுத்தி முகம் கழுவ வையும். வளைவுல வேகத்தைக் குறைக்கவே மாட்டார். நீரே குறைக்க வையும்.”

சொல்லச் சொல்ல நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அப்புறம் சொன்னதை நான் முன்கூட்டி நினைத்து வைத்திருக்கவில்லை. ஆனால் அதைத் தயங்காமல், முழு மனசோடுதான் சொன்னேன்.

“வீட்டுல இவருக்காகக் காத்துக்கிட்டிருக்கிற மனைவிக்குப் பயம் வராமப் பார்த்துக்கொள்ளும். இவர் நல்லபடியா அவங்ககிட்ட போய்ச் சேரட்டும். ஆமென்.”

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகன் குனிந்த தலையை நிமிர்த்தாமலே கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பயம் எனக்குத் தெரியும். இவர் அந்தப் பெண்ணோடு போவதற்கு முன்னால், இதே வீட்டில், இவருடைய வண்டிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த மனைவி நான்தான்.