கடைசி வரியில் ஒரு பேர்

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் சின்ன மகள். போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பிரார்த்தனை முடித்து எழுந்தபோது கதவோரம் காத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார். அவருக்குக் குப்பைத்தொட்டின்னு பேர் வச்சிருந்தோம்."

"மனுஷனுக்கு வைக்கிற பேராடி இது?"

"எல்லாத் தப்பும் அவர்கிட்டதானேம்மா விழுந்துது. கேளு."

அவள் ஆபீசில், ரத்தப் பரிசோதனை செய்யும் லேபுக்கு ப்ரோக்ராம் எழுதுகிறார்கள். ப்ரோக்ராமைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்குச் சிலது எழுதுவார்களாம். துண்டுக்கு 'கிளாஸ்' என்று பேர். ஓடும்போது ஏதாவது தப்பு நடந்தால் கம்ப்யூட்டரே நாலைந்து வரியில் குறிப்பு எழுதி வைத்துவிடும். கடைசி வரியில் ஒருத்தர் பேர் இருக்கும்.

ஆறு மாதக் குறிப்புகளையும் கூட்டி லிஸ்ட் போடச் சொன்னாராம் மேனேஜர்.

"ஒரு ஆளைக் குறைக்கணும். யார் பேர்ல தப்பு அதிகமோ, அவர் போகட்டும்."

லிஸ்ட் போட்டவள் என் மகள். மொத்தம் இருநூற்றுப் பதினைந்து தப்பு. அத்தனைக்கும் கடைசி வரியில் ஒரே பேர். குப்பைத்தொட்டிதான்.

எல்லோரையும் உட்கார வைத்து மேனேஜர் கேட்டார். "ஏன் சார், நீங்க ப்ரோக்ராம் எழுதறீங்களா, கிறுக்கறீங்களா?"

"என் பேர் இருக்கிறது நிஜம்தான் சார்."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லையா?"

அவர் ஒரு தரம் என் மகளைப் பார்த்தார். "இல்லை சார்."

"அப்போ வெள்ளிக்கிழமையோட நின்னுக்கலாம்."

வெளியே வந்ததும் பக்கத்து சீட்டுப் பெண் சொன்னாளாம். "ரெண்டு பிள்ளைங்க காலேஜ் படிக்குது. பாவம்டி."

"பாவம் பார்த்தா ப்ரோக்ராம் ஓடுமா?" என்று கேட்டாளாம் நான் பெற்ற மகராசி.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். "அவர் கிளாசை முதல்ல எடுத்துடு. அதோட எல்லாத் தப்பும் ஒழிஞ்சிடும்."

மறுநாள் பத்து மணிக்கு எடுத்தாள். பத்தே முக்காலுக்கு லேபிலிருந்து போன்.

"என்னம்மா பண்ணீங்க? கைக்குழந்தைக்கு ரத்தம் எடுக்க வந்திருக்காங்க. வயசுன்னு கேட்ட இடத்துல 'எட்டு மாசம்'னு அடிச்சேன். அஞ்சு கவுன்டர்லயும் ஸ்க்ரீன் செத்துப்போச்சு! இங்க நாப்பது பேர் வெறும் வயித்தோட நிக்கறாங்க."

"இதுக்கு முன்னாடி இப்படி அடிச்சிருக்கீங்களா?"

"நல்லா கேட்டீங்க, அடிக்கடி அடிக்கறதுதான். 'எண் மட்டும் அடிக்கவும்'னு ஒரு வரி வரும். மாத்தி அடிப்பேன். அவ்வளவுதான்."

அவசரமாகக் குறிப்பைத் திறந்தாள். கடைசி வரியில் இந்தத் தடவை யார் பேரும் இல்லை. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு வரியாக மேலே போனாள். முதல் வரி, தப்பு கிளம்பின இடம். அங்கே இருந்தது இவள் எழுதின கிளாஸ். வயசு என்றால் எண்தான் வரும் என்று நம்பி, வேறு எதுவும் வந்தால் என்ன செய்வது என்று எழுதாமலே விட்டிருந்தாள்.

"கடைசி வரியில இருக்கிறது தப்பு பண்ணினவர் பேர் இல்லைம்மா" என்றாள் என்னிடம். "பிடிச்சவர் பேர். நாங்க எங்க கிளாஸ்ல பிடிக்காம விட்டதெல்லாம் மேலே மேலே போகும். யாருமே பிடிக்கலைன்னா மொத்தமும் நின்னுடும். அவர் உச்சியில ஒரு கிளாஸ் எழுதி, எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டிருந்தார். படிச்சவ, எனக்குத் தெரியாதா? கூட்டற அவசரத்துல கடைசி வரியை மட்டும் பார்த்துக் கூட்டிட்டேன்."

ஓடிப்போய் அவரையே கூட்டி வந்தாள். ஐந்து நிமிடத்தில் கிளாசைத் திரும்ப வைத்தார். லேபில் வரிசை நகர்ந்தது.

"மீட்டிங்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"சொன்னா எல்லாரும் முதல் வரியைப் படிப்பாங்களேம்மா. உனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. எனக்கு அனுபவம் இருக்கு, வேற இடம் தேடிக்குவேன்."

மகள் சீட்டுக்கு வந்து வேறு லிஸ்ட் போட்டாள். இந்தத் தடவை முதல் வரியைப் பார்த்துக் கூட்டினாள். தன் பேரை எல்லாருக்கும் மேலே எழுதினாள். தொண்ணூற்றாறு. கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தாள்.

"நீயா? சேர்ந்து பத்து மாசம்கூட ஆகலை, தொண்ணூத்தாறா? உன்னையெல்லாம்..."

கத்திக்கொண்டே அடுத்த வரிக்குப் போனவர் சட்டென்று நின்றுவிட்டார்.

மேனேஜர் ஆவதற்கு முன்னால் அவரே எழுதின கிளாஸ்கள் சில இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் பேருக்கு நேரே நூற்றுப் பன்னிரண்டு.

லிஸ்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஆளைக் குறைக்கிறதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். நீ போய் அந்த வயசு விஷயத்தைச் சரி பண்ணு."

அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை. குப்பைத்தொட்டி என்று இப்போது யாரும் கூப்பிடுவதும் இல்லையாம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்குப் பிரார்த்தனை செய்யும்போது அந்த மனிதருக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மேனேஜருக்கும்.