அசல் மியூனிக்காரன்

"இது எங்க தாத்தா போட்ட தோல் நிஜாருங்க. அப்புறம் அப்பா போட்டாரு, இப்ப நான்" என்று கொன்ராட் கூசாமல் சொன்னான்.

மியூனிக்காரர்கள் பரம்பரையாகப் போடுகிற அந்த நிஜார், போன சனிக்கிழமைதான் பழைய துணிச் சந்தையில் பேரம் பேசி வாங்கியது. எந்தத் தாத்தா போட்டதோ, பாவம்!

வீட்டுக்கார அம்மா எடெல்ட்ராவுட் ரீகர் நிஜாரை மேலும் கீழும் பார்த்தாள். அசல் ஊர்க்காரி என்பது கூடத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மான் கொம்பு, நீலமும் வெள்ளையுமாகக் கொடி, சுவர் நிறைய மியூனிக் படங்கள்.

"அப்போ நீங்க இந்த ஊருதானா தம்பி?"

"இங்கேயே பொறந்து வளர்ந்தவன்தாங்க."

அவள் முகம் லேசாக வாடியது. நம்பவில்லையோ? கொன்ராடுக்குத் திக்கென்றது.

பயம் இருக்காதா பின்னே! ஆள் ஜெர்மனியின் வடகோடியில் இருக்கிற பிரேமன் நகரத்துக்காரன். மியூனிக்காரர்களுக்கு வடக்கத்தியான் என்றாலே வேப்பங்காய். ஒருத்தன் இங்கே வந்து முப்பது வருஷம் ஆனாலும் அவன் வடக்கத்தியான்தான். இதுவரை நாற்பத்தோரு வீடு ஏறி இறங்கியாயிற்று. மனைவி மைக்கேவுக்கு ஏழாம் மாதம். இப்போது இருக்கிற ஒற்றை அறையையும் மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும்.

"ஊர்க்காரன் மாதிரி நடிடா, வீடு தானா கிடைக்கும்" என்று ஆபீஸ் நண்பன் சொன்னதிலிருந்து, கொன்ராட் இந்த ஊரையே பரீட்சைக்குப் படிப்பது போல் படித்திருந்தான். ஊர்ச் சாப்பாட்டைத் தின்று பார்த்தான், சந்து சந்தாகச் சுற்றினான், ஊர்ப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசவும் பழகிக்கொண்டான்.

ரீகர் அம்மா மூடி போட்ட பீங்கான் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். வெந்நீரில், குடல் தோலுக்குள் இறைச்சி அடைத்த வெள்ளைச் சாசேஜ் மிதந்தது. பக்கத்தில் உப்பு ரொட்டி, கடுகு விழுது.

"சாப்பிடுங்க" என்றவள், தான் தொடவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பரீட்சை ஆரம்பம் என்று கொன்ராடுக்குப் புரிந்தது. கத்தியை ஒதுக்கினான். சாசேஜைக் கையில் எடுத்து நுனியைக் கடித்து, முருங்கைக்காயை உறிஞ்சுவது போல ஒரே இழுப்பு. தோல் மட்டும் தட்டில் மிஞ்சியது.

"அடேங்கப்பா!" என்றாள் ரீகர் அம்மா. தன் தட்டிலிருந்த கத்தியை ஒதுக்கிவிட்டு, அவளும் ஒன்றை எடுத்து நுனியைக் கடித்தாள்.

"அம்மா, இது காரக் கடுகாச்சே! இதுக்கு இனிப்புக் கடுகுதானே தொட்டுக்கணும்?"

ஒரு கணம் விழித்தவள், ஓவென்று சிரித்துவிட்டாள். "சும்மா சோதிச்சுப் பார்த்தேன் தம்பி! பலே ஆளுதான் நீங்க."

கொன்ராடுக்குத் தலைகால் புரியவில்லை. "சீக்கிரம் சாப்பிடுங்கம்மா, பன்னெண்டு ஆகப் போகுது. கோயில் மணி அடிக்கிற சத்தம் சாசேஜோட காதுல விழவே கூடாதுன்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே!"

"ஆமாமா, விழக் கூடாது" என்று அவள் அவசரமாக மென்றாள். "அது சரி, நகர மண்டபக் கடிகாரத்துல பொம்மைங்க ஆடுமே... அதப் பார்க்கப் போறதுண்டா?"

"உள்ளூர்க்காரன் எவன்மா போவான்? கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கிறதெல்லாம் வெளியூர் ஆளுங்க வேலை!"

அவள் ரொட்டியைப் பிய்த்தாள். "வடக்கத்தி ஆளுங்களோட பழக்கம் உண்டா?"

இதுதான் கடைசிக் கேள்வி என்று கொன்ராடின் உள்மனசு சொன்னது. இதில் சறுக்கினால் தொட்டில் போட இடம் இல்லை.

"அவனுங்களா? ஐயே! மீன விட்டா வேற என்ன தெரியும் அவனுங்களுக்கு? சிரிக்கக்கூடத் தெரியாத ஜென்மங்க!" என்றான். மனசுக்குள் பெற்ற தாயிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டான்.

மணி பன்னிரண்டு அடித்தது. இரண்டு தட்டிலும் தோல்தான் மிச்சம். ரீகர் அம்மா துண்டால் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வீட்டை உங்களுக்குக் கொடுக்க முடியாது தம்பி."

கொன்ராட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "ஏம்மா? நான் எதுல தப்பு பண்ணினேன்? என் பொண்டாட்டி புள்ளத்தாச்சிம்மா. இந்த மாசம் போனா எங்களுக்குப் போக்கிடம் கிடையாது."

அவள் கண் கலங்கியது நிஜம். ஆனாலும் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்தாள். "நல்லா இருங்க தம்பி. என்னைய மன்னிச்சிடுங்க."

வாசலில் கொன்ராட் தயங்கி நின்றான். உண்மையைக் கொட்டிவிடலாமா? கொட்டினால் வடக்கத்தியான் என்ற பேரோடு பொய்யன் என்ற பேரும் சேரும். வாயை மூடிக்கொண்டு படியிறங்கினான்.

கதவைத் தாழ் போட்டதும் ரீகர் அம்மா போனை எடுத்துத் தங்கை கேசாவைக் கூப்பிட்டாள்.

"தப்பிச்சேன்டி கேசா! வீடு கேட்டு அசல் ஊர்க்காரன் ஒருத்தன் வந்துட்டான். அவன் சாசேஜ் தின்ன அழகப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவன் மட்டும் மாடியில குடிவந்தான்னா, ஒரே வாரத்துல என் குட்டு உடைஞ்சிடும்."

அந்தப் பக்கம் கேசா என்னவோ கேட்டாள்.

"நம்ம பிரேமன் பையன் எவனாவது இருந்தா அனுப்புடி, இன்னைக்கே சாவியக் கொடுத்துடுறேன்!"