ஆறாம் மாடி வீடு

“மாமாவுக்கு முட்டு வலி. அம்புட்டுதான் சொல்லணும். பக்கவாதம்னு வாயத் தெறந்தீக, இந்த வீடும் போச்சு.”

லிஃப்ட் ஆறாம் மாடியை எட்டுவதற்குள் வெங்கடேஸ்வரி இதைக் கணவனிடம் மூன்றாவது முறையாகச் சொன்னாள். விக்னேஷ்வரன் தலையை மட்டும் ஆட்டினான். ராணுவத்தில் இருப்பவன்; வரும் ஞாயிற்றுக்கிழமை அவனுடைய விடுப்பு முடிகிறது. அதற்குள் ராஜபாளையத்தில் ஒரு வீடு அமைந்தாக வேண்டும். அவன் தந்தை சோலைச்சாமிக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர், மகளின் திருமணத்தைத் தை மாதத்தில் வைத்திருக்கிறார். “பெரியவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா கல்யாண நேரத்துல தீட்டுல்லம்மா” என்று நயமாகவே சொல்லிக் காலி செய்யச் சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்லிக் கேட்ட மூன்று வீடுகளும் கிடைக்கவில்லை. ஆகவே, நான்காம் வீட்டுக்கு முட்டு வலி.

உரிமையாளர் முத்துராமலிங்கம் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். ஓய்வுபெற்ற காவல்துறை ஆய்வாளர். இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மனைவியுடன் குடியிருப்பவர்.

தரையிலிருந்து கூரை வரை வீட்டைப் புதுப்பித்திருந்தார்கள். பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை முழுவதும் தெரிந்தது. அந்த ஜன்னலோரம் மாமாவின் கட்டிலைப் போட்டுவிடலாம் என்று வெங்கடேஸ்வரி மனத்துக்குள் முடிவே செய்துவிட்டாள்.

“வீட்ல எத்தன பேரு?” என்று கேட்டார் முத்துராமலிங்கம்.

“மூணு பேரு சார். இவிய ஞாயித்துக்கிழம கெளம்பிருவாக. பொறவு நானும் மாமனாரும்தான்.”

“மாமனாரு என்ன செய்தாரு?”

“சோழபுரத்துல விவசாயம் பாத்தாக. இப்ப சும்மாதான் இருக்காக.”

“நடப்பாரா?”

“நடப்பாக. செத்த முட்டு வலி.”

“மாத்திரையெல்லாம் யாரு எடுத்துக் குடுக்கா?”

“நான்தான் சார்.”

“சாப்பாடு? அவரே பெசஞ்சு சாப்பிடுவாரா?”

அவள் கணவனின் பக்கம் திரும்பி முணுமுணுத்தாள். “வீட்டுக்கு ஆள் பாக்காரா, களவு கேசு விசாரிக்காரா?”

“முப்பத்தாறு வருசம் அதத்தான தாயி செஞ்சேன். சட்டுனு விட மாட்டேங்கு” என்றார் அவர். காது கூர்மையான மனிதர். அடுத்த கேள்வியை விக்னேஷ்வரனிடம் நேராக வைத்தார். “தம்பி, நீங்க சொல்லுங்க. அப்பாவுக்கு என்ன?”

விக்னேஷ்வரன் மனைவியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“பக்கவாதம் சார். எட்டு மாசமாச்சு. எடது பக்கம் வராது. தூக்கித்தான் உக்கார வைக்கணும்.”

வெங்கடேஸ்வரி பொய்யில் பிடிபட்டுவிட்டாள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“ஆமா சார், மறைச்சுத்தான் பேசுனேன். நெசத்தச் சொன்ன எடத்துல எல்லாம் கதவச் சாத்திட்டாக. நான் வேற என்ன செய்ய?”

முத்துராமலிங்கம் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். விளக்கை அணைத்தார்.

“இந்த வீடு உங்களுக்குக் கெடையாது தாயி.”

கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூவரும் லிஃப்டில் ஏறினார்கள். தோளோடு தோள் இடிக்கும் அளவுக்குக் குறுகிய லிஃப்ட்.

“எங்க மாமா இங்க செத்துப்போவாகன்னுதான சார் பயம்?”

“ஆமா.”

இவ்வளவு வெளிப்படையான பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை.

“அஞ்சு வருசத்துக்கு முந்தி, என்னப் பெத்த அய்யா அந்த வீட்டுல இருக்கும்போதுதான் எறந்தாரு. நாங்க அப்ப மேலதான் குடியிருந்தோம்” என்றார் அவர், கதவைப் பார்த்தபடியே. “மூச்சுத் தெணறுதுன்னு ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஸ்ட்ரெச்சரு இதுக்குள்ள நுழையல. படியில தூக்குனா வளைவுல திரும்பல. அந்தப் போராட்டத்துலயே உசுரு போயிருச்சு. பொறவு நாற்காலியில உக்கார வச்சு, வேட்டியால கட்டி, இதுலதான் எறக்குனேன். நான் நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு இந்தா, இந்த மூலையில நின்னேன்.”

விக்னேஷ்வரன் தன்னையறியாமல் அந்த மூலையிலிருந்து சற்றே விலகி நின்றான்.

“இன்னொரு மனுசன அப்படி எறக்குறத நான் பாக்க மாட்டேன்.”

மனிதர் பட்ட துன்பம் வெங்கடேஸ்வரிக்குப் புரிந்தது. ஆனால், புரிந்துகொண்டதால் வீடு கிடைத்துவிடுமா? ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்தே நாள்கள்.

கீழ்த்தளத்தில் லிஃப்ட் நின்றது.

“தப்பா எடுத்துக்கிடாதீக சார். நாங்க வேற எடம் பாத்துக்கிடுதோம்” என்று வெங்கடேஸ்வரி வாசலை நோக்கி நடந்தாள்.

“செத்த நில்லு தாயி.”

முத்துராமலிங்கம் தம் வீட்டு அழைப்புமணியை அழுத்தினார். ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே அவர் மனைவி கதவைத் திறந்தார்.

“அய்யம்மா, வெள்ளிக்கிழம இவிய நம்ம வீட்டுல பால் காய்ச்சட்டும். சாமானக் கட்ட ஆரம்பி. நாம மேல போயிருவோம்.”