காற்று வாங்கிய கார்

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் சூப்பர்சார்ஜர் ஒன்றை மாட்டிக்கொள்ள, பட்டறையில் நின்ற சிவப்பு மசில் காருக்கு வெகுநாள் ஆசை. அலமாரியில் பெரியது ஒன்றும் சிறியது ஒன்றும் இருந்தன. பெரியதை மாட்டினால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், ஊரே பார்க்கும். காருக்கு அதன்மேல்தான் கண்.

"நான் ஊதினா உன் பிஸ்டனெல்லாம் தாங்குமா?" என்று பெரியது கேட்டது.

கார் வாய் திறக்கும் முன், "நாங்க கம்பெனியிலயே போட்டு வந்த சாதா பிஸ்டனுங்க. தாங்கமாட்டோம்" என்று உள்ளேயிருந்து பிஸ்டன்களே சொல்லிவிட்டன.

உயிருக்குப் பயந்து, கார் சிறியதையே மாட்டிக்கொண்டது. அது பானெட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது, வெளியே யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் மேம்பாலத்தில் பறந்த வேகத்தை அதுவே நம்பவில்லை. இறங்கியதும் டீக்கடை முன்னால் போய், பானெட்டை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

"என்னண்ணே, சூடாயிடுச்சா?" என்று ஓர் ஆட்டோ கேட்டது.

"இல்ல தம்பி, சும்மா காத்து வாங்குறேன். கொஞ்சம் கிட்ட வந்து பாரேன்."