டிக்கெட்டில் கொடுத்த நம்பர்

"அயுவாதடி. ஏரோப்ளேனு இன்னா, நம்ம பஸ்ஸு மாதிரிதான். இது போனா அடுத்தது வரும்" என்று மலர்க்கொடியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள் சிவந்தி. முகத்தில் அத்தனை கவலை. உள்ளுக்குள்ளோ பாயசம் குடித்த குளிர்ச்சி.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இருவருக்கும் எதிரெதிர் வீடு. இருவரின் கணவன்மாரும் ஒரே நாளில் தோஹாவுக்கு வெல்டர் வேலைக்குப் போனவர்கள், ஒரே கம்பெனி. மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் லீவு கிடைத்தது. அதுவும் ஒருவருக்குத்தான், மலர்க்கொடியின் கணவன் செங்குட்டுவனுக்கு.

இத்தனைக்கும் நாளை காலை பத்து மணிக்கு நிச்சயதார்த்தம் சிவந்தியின் மகள் ஷாலுவுக்கு! அவள் அப்பா செல்வம் போன மாதமே போனில் கையை விரித்துவிட்டார். தட்டு மாற்றுவதற்கு அவருடைய அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். தன் வீட்டு விசேஷத்தில் எதிர்வீட்டுக்காரி புருஷனோடு வந்து முன்வரிசையில் உட்காரப்போகிறாள் என்று நினைத்தாலே சிவந்திக்கு வயிறு எரிந்தது.

எரிவதற்கு இது ஒன்றுதானா? முன்பெல்லாம் மலர்க்கொடிக்கு வருகிற போனெல்லாம் சிவந்தி வீட்டுக்குத்தான் வரும். "ஏய், உனக்கு போனு" என்று கத்திக் கூப்பிடுவதில் ஒரு கெத்து இருந்தது. மூன்று மாதம் முன்னால் அவள் சொந்தமாக செல்போன் வாங்கிவிட்டாள். அதோடு அந்தக் கெத்தும் போயிற்று.

இந்த வாரம் ரொம்ப மோசம். மாடிப்படியில் நின்று செல்லில் குசுகுசுவென்று பேசுகிறாள், சிவந்தியின் தலை தெரிந்ததும் நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். நேற்று வந்து, "யக்கா, நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு டாக்சி சொல்லிக்கீறேன், நீயும் வா" என்று அழைப்பு வேறு. கொழுப்புதானே?

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, சிவந்தி வீட்டு போன் அடித்தது. டிக்கெட் விற்கிற வெப்சைட்டிலிருந்து ஒரு பெண் பேசினாள். தோஹாவிலிருந்து வருகிறவர் பம்பாயில் மாறி ஏற வேண்டிய சென்னை விமானம் இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்புகிறது, அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றாள்.

"சொல்றேம்மா" என்று வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள் சிவந்தி. எதிரே மலர்க்கொடி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சிவந்தி பேசாமல் உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டாள்.

இதோ, நினைத்தது நடந்துவிட்டது. பம்பாயில் வந்து இறங்குவதற்குள் சென்னை விமானம் பறந்துவிட்டது. விமானக் கம்பெனி வெப்சைட்டைக் கேள் என்கிறது, வெப்சைட் விமானக் கம்பெனியைக் கேள் என்கிறது.

"செல்லுல பேசினா கண்டுக்க மாட்றாங்கக்கா. டிக்கெட்ல குட்த்த நம்பர்லருந்து பேசினாத்தான் பேசுவாங்களாம். அது உன் வூட்டு நம்பரு" என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள் மலர்க்கொடி. "யக்கா, அதுக்கு முன்னால உன்கிட்ட ஒன்னு சொல்லணும். வாயத் தொறக்கக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கீறாங்க, ஆனா…"

"அதெல்லாம் அப்பால சொல்லு. மொதல்ல ஆவற வேலயப் பாக்கலாம்."

சொந்த செல்போன் இருந்தும் டிக்கெட்டுக்கு என் நம்பர்தான் வேண்டியிருந்ததாக்கும் என்று கறுவிக்கொண்டே சிவந்தி எண்களை அழுத்தினாள். சீட்டிலிருந்த புக்கிங் நம்பரைப் படித்தாள். அந்தப் பக்கம் அதே பெண், அதே புத்தகத் தமிழ்.

"மேடம், நேரம் மாறியதை வியாழக்கிழமையே உங்களிடம் சொன்னோம். நீங்கள் பயணியிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் அதை எங்களிடம் இப்போதே சொல்லுங்கள், அவருக்கு இன்று மாலை விமானத்தில் செலவில்லாமல் இடம் தருகிறோம். சொல்லிவிட்டீர்கள் என்றால் தவறு அவர் மேல். அப்புறம் செவ்வாய்க்கிழமைதான் இடம்."

சிவந்தி மலர்க்கொடியைப் பார்த்தாள். அழுதழுது மை கரைந்த முகம், கையில் அந்த செல்போன். சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டால் தன் குட்டு உடைந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, நாளை தன் புருஷன் இல்லாத சபையில் அந்தச் செங்குட்டுவன் சலவை வேட்டியோடு வந்து நிற்பான்.

"ஆமாம்மா" என்றாள். அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள். "ஆமா, ஆமா" என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

"செவ்வாக்கெயமதான் சீட்டு கீதாம்டி. எவ்ளோ கேட்டுப் பாத்தேன், மசிய மாட்றாங்க" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், உன் வூட்டுக்காரு அதுவரிக்கும் அங்கியே குந்திகினு கெடக்கணும்."

மலர்க்கொடி விழித்தாள். "என் வூட்டுக்காரா? அவரு தோஹாவுல கீறாருக்கா. பொண்ணுக்கு நிச்சயம், நீ போய்ட்டு வாண்ணேன்னு அவரு லீவ வுட்டுக் குட்த்துட்டாரு. உனக்குத் தெரியாம வந்து நிக்கணும்னு அண்ணனுக்கு ஆச, அதான் என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க…"

சிவந்தியின் கை ரிசீவர் மேலேயே இருந்தது.

"பம்பாய்ல நிக்கறது நம்ம ஷாலுவோட அப்பாக்கா."