ஐந்து மாட்ச் தடை

"இந்த இடத்தை வடிவாப் பாருங்கோ அக்கா... டும்! எப்பிடி இடி?"

பாரிஸ் லா ஷப்பலில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாலச்சந்திரன், கைத்தொலைபேசியை நாகேஸ்வரியின் மூக்குக்கு நேரே நீட்டினார். நாகேஸ்வரி முருங்கைக்காய் வாங்க வந்தவர். முருங்கைக்காய் வேண்டுமென்றால் முதலில் வீடியோவைப் பார்க்கவேண்டும் என்பது அந்தக் கிழமை கடையின் சட்டமாக இருந்தது.

பனித்தரையில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் கறுப்பு வட்டைத் தடியால் தட்டிக்கொண்டு வருகிறான். பக்கவாட்டிலிருந்து நீலச்சட்டை, இலக்கம் 44, பறந்துவந்து தோளால் அவன் தலையில் இடிக்கிறான். வெள்ளைச்சட்டை பலகைச் சுவரில் மோதிச் சுருண்டு விழுகிறது. ஒன்பது செக்கன். முடிந்தது.

"ஐயோ, விழுந்த பிள்ளைக்கு என்ன நடந்தது?"

"அதை ஆர் பாத்தது? இடிச்சது ஆர் எண்டு கேளுங்கோ. என்ரை மகன் கீர்த்தனன்!"

கீர்த்தனன் தூரத்துக் கிரனோபிள் நகரில் படிக்கிறான். மூன்று வருடமாக அங்கே ஐஸ் ஹாக்கி விளையாடுகிறான். கடையை விட்டுப் போய் ஒரு மாட்ச் பார்க்கப் பாலச்சந்திரனுக்கு நேரம் கிடைக்கவில்லை. "பெரியப்பா, அண்ணாவைப் பாருங்கோ. 44க்கு அஞ்சு மாட்ச் தடை" என்று தம்பி மகன் கிருஷிகன் வீடியோவை அனுப்பிய பிறகுதான், தான் ஒரு மாவீரனைப் பெற்ற விஷயம் அவருக்கே தெரியவந்தது.

அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற ராதாகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். கனடாவில், மொன்றியலில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர்.

"அண்ணை, உந்த விளையாட்டு இப்ப மாறிட்டுது. முந்தி கையுறையைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஒருத்தரோடை ஒருத்தர் அடிபடுவாங்கள், சனம் எழும்பி நிண்டு கை தட்டும். அடிபடுறதுக்கெண்டே ரீமிலை சம்பளத்துக்கு ஒருத்தன் இருப்பான். இப்ப வேகமும் பாஸும்தான். தலையிலை இடிச்சா மூளை கலங்கும் எண்டு கடுமையாத் தடை போடுறாங்கள்."

"அப்ப பரதநாட்டியம் ஆடச் சொல்லுங்கோ. சலங்கை நான் வாங்கித் தாறன்."

"விழுந்தவனுக்கும் ஒரு தேப்பன் இருப்பார்தானே?"

"இருப்பார். பிள்ளையை நிமிந்து நிக்கப் பழக்காத தேப்பன்! அந்தாளுக்கும் சேத்துத் தடை போடவேணும்."

அன்று மத்தியானம் மகனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தலையிடிக்குது அப்பா. பிறகு கதைக்கிறன்" என்று கீர்த்தனன் வைத்துவிட்டான்.

தடை போட்ட கவலை என்று பாலச்சந்திரன் உடனே கண்டுபிடித்தார். பெற்ற மனம் அல்லவா.

அடுத்த நாளே, அயலவருக்கெல்லாம் பிரெஞ்சுக் கடிதம் எழுதிக் கொடுக்கும் அல்பிரட்டைப் பிடித்து தடை போட்ட ஹாக்கிச் சங்கத்துக்கு ஒரு மனு எழுதுவித்தார். 'இளம் இரத்தம் சூடாகத்தான் இருக்கும். 44ஆம் இலக்க வீரரைத் தண்டிக்காதீர்கள். ஒரு தகப்பனாகக் கேட்கிறேன்.' கீழே முழுப்பெயர், கடை விலாசம், அறுபத்து மூன்று கையெழுத்துகள். வைத்தவர்களில் பலர் ஐஸைக் கண்டது கடையின் மீன் பெட்டிக்குள் மட்டும். நாகேஸ்வரி முருங்கைக்காயை நினைத்துப் பயந்து வைத்தார். ராதாகிருஷ்ணன் மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் காய்ந்த கறிவேப்பிலை.

மூன்றாவது கிழமை, நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பிரெஞ்சு இளைஞன், சொக்லட் பெட்டியோடு கடைக்குள் குனிந்து வந்தான்.

"மிஸ்யூ பாலச்சந்திரன்? கீர்த்தனனின் அப்பாவா?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

"ஓம் ஓம், நான்தான்!" சந்தோஷத்தில் பாலச்சந்திரனுக்குப் பிரெஞ்சே மறந்துபோனது. மகனுக்கு இரசிகர்கள் வேறு! அவன் உட்காரக் கதிரை இழுத்துப் போட்டார். தேநீர் சொல்லியனுப்பினார். பிறகு, வேறென்ன, கைத்தொலைபேசியை எடுத்து வீடியோவைத் தட்டினார்.

இளைஞன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"தயவுசெய்து நிறுத்துங்கள், ஐயா. மூன்று கிழமையாக எனக்கு நித்திரை இல்லை. கீர்த்தனனால் இன்னமும் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லையாம். அம்மா அப்பாவுக்குச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று மறைத்து வைத்திருப்பதாக அவன் நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டும் அப்படி ஒரு கடிதம்..."

அவன் பாலச்சந்திரனின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அந்த நாற்பத்து நான்கு நான்தான். தடையை இரண்டு மாட்சாகக் குறைத்துவிட்டார்கள். அடிபட்டவனின் அப்பாவே கேட்கும்போது எப்படி மறுப்பது என்றார்களாம்."