வெள்ளச்சியின் வயிற்றில்

“நேத்து சாயங்காலங்கூட என் கையால வாங்கித் தின்னாளே! இப்படி விட்டுட்டுப் போயிட்டாளே!” என்று முனியாண்டி மார்பில் அடித்துக்கொண்டு அழுதான்.

காலைப் பெரட்டில் பேர் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த பெண்கள் ரப்பர் பால் வாளிகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். வந்து பார்த்தால் அவன் மனைவி பஞ்சாலை குத்துக்கல் மாதிரி எதிரில் நிற்கிறாள். செத்துக் கிடந்தது வெள்ளச்சி, அவன் வளர்த்த வெள்ளாடு.

ஒரு மாதத்தில் இது மூன்றாவது சாவு. முதலில் வயது ஒன்றுகூட நிரம்பாத இரண்டு குட்டிகள். இப்போது சினையாக இருந்த தாய்.

தோட்டத்தில் ஆட்டு நோய் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று முனியாண்டி இருபது வருடமாகச் சொல்லிவந்தான். மறுத்துப் பேச யாருக்கும் நேரமில்லாததால் அதுவே உண்மையாகிவிட்டது. முதல் குட்டிக்கு இஞ்சிச்சாறு கொடுத்தான், செத்தது. இரண்டாவதற்குப் பெருங்காயம் கரைத்து ஊற்றினான், கொஞ்சம் சீக்கிரமாகவே செத்தது. வைத்தியன் மேல் குற்றமில்லை என்றால் வேறு யார் மேலாவது இருந்துதானே ஆகவேண்டும்?

“எல்லாம் இந்த அர்ச்சுனன் வேலை!” என்று பக்கத்து வீட்டுக்காரனைக் கைகாட்டினான். “கொட்டகை நாறுதுன்னு ஆபீசுல கிராணிகிட்டப் போயிச் சொன்னவன்தானே! அந்தக் கடுப்புல நஞ்சு வெச்சுட்டான்!”

“யோவ், கேட்டுல போறப்பவும் வர்றப்பவும் என் வேட்டி மடிப்பு வரைக்கும் தடவிப் பாக்குறானுங்க. நஞ்ச நான் எங்க ஒளிச்சுக் கொண்டார்றது லா?” என்றான் அர்ச்சுனன்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாதென்று, மந்தின் ஊருக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வீட்டில் உலை வைக்கக்கூடாது. இருந்த அரிசியையெல்லாம் போன மாதமே ஒப்படைத்தாகிவிட்டது. பொது அடுப்பில் வரிசையில் நின்று வாங்கும் சோறுதான். வீட்டில் ஒரு பிடி அரிசி இருந்தாலும் ஜெயில்.

“இங்க பாருங்க, வீண் வம்பு எதுக்கு? குழி தோண்டிப் பொதச்சிருவோம்,” என்றாள் பஞ்சாலை.

“நீ சும்மா இரு. வயித்த அறுத்துப் பாத்தாத்தான் இவன் வண்டவாளம் தெரியும்!”

அவள் கண் கலங்கியதைப் பார்த்து அவனுக்கே மனம் இளகியது. ஆட்டு வாடையே ஆகாதென்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தவள், இந்த ஒரு மாதமாகக் கொட்டகையைத் தானே கூட்டுகிறாள். தன்னோடு வாழ்ந்து வாழ்ந்து அவளுக்கும் ஆட்டுப் பாசம் ஒட்டிக்கொண்டது என்று அவன் பெருமைப்பட்டிருந்தான்.

நஞ்சு என்ற சொல் கிராணியின் காதுக்குப் போய், அங்கிருந்து போலீசுக்கும் போனது. மதியத்துக்குள் சிரம்பானிலிருந்து கால்நடை டாக்டர் ராயப்பனும், ஒரு மலாய் போலீஸ் சார்ஜனும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். தன் ஆட்டுக்காக ஜீப் வந்திருக்கிறதே என்று, அந்தத் துக்கத்திலும் முனியாண்டிக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

“ஆடு வெளிய எங்கயாவது மேஞ்சுதா?” என்று கேட்டார் டாக்டர்.

“அந்தப் பேச்சே வேணாங்க. கொட்டகைய விட்டு ஒரு அடி வெளிய விட்டதில்ல. தழை ஒடிச்சுப் போடுறதே நான்தான். எதத் தின்னிருந்தாலும் என் கொட்டகைக்குள்ளதான் தின்னிருக்கணும்!”

“உன் ஆடுதானே? நிச்சயமா?”

“என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? பெத்த புள்ள மாதிரிங்க! காதப் பாருங்க, நான் போட்ட வெட்டு.”

டாக்டர் கத்தியை எடுத்தார். வேலை முடிந்து வந்த லயமே சுற்றி நின்றது. முனியாண்டி அர்ச்சுனனை முறைத்த முறைப்பை எடுக்கவில்லை.

இரைப்பை பிளந்ததும் புளித்த வாடையோடு வெள்ளையாக ஏதோ சரிந்து கொட்டியது. டாக்டர் ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் அலசிக் காட்டினார். ஊறிப் பருத்த அரிசி. சமைக்காத அரிசி.

“நஞ்சும் இல்ல, நோயும் இல்ல. அரிசிய அளவில்லாமத் தின்னு, தண்ணியக் குடிச்சு, வயிறு உப்பிச் செத்திருக்கு. ரெண்டு படிக்குக் குறையாது,” என்றார்.

முனியாண்டி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கொட்டகை மூலையில் குவிந்திருந்த தழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜப்பான்காரன் காலத்தில் ஒரு வாய்ச் சோறில்லாமல் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தவள். அரிசி முழுவதையும் ஒப்படைக்க அவளுக்கு எப்படி மனம் வந்திருக்கும்? ஊர் ஆட்டுக்கெல்லாம் நாடி பிடித்தவனுக்கு வீட்டில் இருப்பவளைத் தெரியவில்லை. அவளை ஜீப்பில் ஏற்றப்போவது அர்ச்சுனன் அல்ல, தன் வாய்தான் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

“சியாப்பா புன்யா காம்பிங்?” என்று சார்ஜன் மலாயில் அதட்டினார். யாருடைய ஆடு?

லயம் மொத்தமும் முனியாண்டியைத் திரும்பிப் பார்த்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இரண்டு அடி பின்னால் நகர்ந்து, கூட்டத்தோடு கூட்டமாக நின்று, கழுத்தை நீட்டி வெள்ளச்சியைப் பார்த்தான்.

“யாரு வீட்டு ஆடோ, பாவம்!”